நடு என்பது எந்த வரி?

கேள்வி: எனக்குச் சாமி உண்டு, அதற்காகப் பூசாரி சொல்வதெல்லாம் வேதம் இல்லை. ஓட்டுப் போடுவேன், கொடி பிடிக்க மாட்டேன். பிள்ளைகள் யாரைக் கட்டிக்கொண்டாலும் சண்டை இல்லை, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று மட்டும் நினைப்பேன். கோயில் கமிட்டியில் என்னை நாத்திகன் என்கிறார்கள். பகுத்தறிவு பேசும் மைத்துனர் பழம்பஞ்சாங்கம் என்கிறார். எல்லாவற்றிலும் நடுவில் நிற்பது கோழைத்தனமா?
ஒரு வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: கோழைத்தனமா என்பதை அப்புறம் பார்ப்போம். 'நடுவில்' என்று எழுதியிருக்கிறீர்களே, என் பேனா அங்கேயே மாட்டிக்கொண்டது.

சட்டைப் பையில் நூறு ரூபாய் நோட்டு இருந்தால் எடுங்கள். அதில் இருக்கிற நம் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் முகத்தைப் பார்த்தது போதும், எழுத்தைப் பாருங்கள். முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழ், கீழே இந்தி. தமிழ் எங்கே இருக்கிறது? நடுவில். சும்மா கிடைத்த இடமில்லை அது. 1998 நவம்பரில் வந்த புது நோட்டுகளில் இந்தியை மேலே ஏற்றி, தமிழைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். இந்தத் தீவுக்கு முதலில் வந்தவர்கள் நாங்கள், எங்களையா கீழே தள்ளுகிறீர்கள் என்று நம் ஜனம் கொதித்தது. ஏழே மாதம். 1999 ஜூனில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? முதல் வரி வேண்டும் என்று நாம் கேட்கவே இல்லை. நடு வரிக்காகத்தான் அவ்வளவு சண்டையும். நடுவில் நிற்க இத்தனை சத்தம் போட்ட வேறொரு சமூகத்தைக் காட்டுங்கள், ஒரு வருஷச் சந்தா இலவசம். அந்த ஏழு மாதத்தில் நம்மில் யாரும் நடுநிலையாகப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானே வங்கிக் கவுண்டரில் நின்றுகொண்டு, இந்த நோட்டைத் தொட மாட்டேன் என்றேன். சம்பள நாள், எனக்குப் பின்னால் முப்பது பேர். காசாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மொத்தப் பணத்தையும் ஐந்து ரூபாய் நாணயங்களாக எண்ணித் தள்ளினார். இறங்குகிற கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கொள்கை வீரனாகப் பஸ் ஏறினேன். உட்கார்ந்து ஒரு நாணயத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது: அதில் தமிழே கிடையாது. நடுவிலும் இல்லை, கடைசியிலும் இல்லை.

'மிதவாதி' என்று எழுதாமல் விட்டதற்குத் தனியாக ஒரு நன்றி. அந்தச் சொல்லுக்காக எனக்கும் எங்கள் பிழை திருத்துபவருக்கும் பதினெட்டு வருஷமாக வழக்கு நடக்கிறது. மிதம் என்றால் அளவு என்பார் அவர். எனக்கோ, ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடலில் தொப்பையை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு மிதக்கிற ஆள்தான் கண்ணுக்குத் தெரிகிறார். அலை எந்தப் பக்கம் அடித்தாலும் அவருக்குச் சரி. இந்தப் பத்தியை வெட்டப் பார்ப்பார், வெட்டினால் அடுத்த இதழில் மறுபடி எழுதுவேன்.

சரி, மதத்துக்கு வருவோம். நடுவில் என்கிறீர்கள், எந்த மதத்தின் நடுவில்? மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர் மதம் என்ன என்று கேட்டால் 'தமிழ்' என்று பதில் சொல்கிற ஊர் நம் ஊர். சென்னையிலிருந்து வந்த ஒரு விருந்தாளியிடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தால் கண்கலங்கிவிட்டார். ஆனால் அரசியல் சட்டத்தைத் திறந்தால் நாம் இந்துப் பெட்டிக்குள் இருக்கிறோம். இந்து, முஸ்லிம், சீனர் என்று மூன்று பெட்டி. மூன்றிலும் அடங்காத வாழ்க்கை வாழ்கிறவர்களுக்குப் 'பொது மக்கள்' என்று நாலாவது. தேர்தலில் தோற்றவர்களில் நன்றாகத் தோற்றவர்களைச் சமூகக் கணக்குப் பார்த்துத் தேடி எடுத்து நாடாளுமன்றத்தில் எட்டு நாற்காலி வரை கொடுக்கிறோமே, அதற்காகத்தான் வேட்பாளர் தன் பெட்டியைச் சொல்ல வேண்டும் என்ற விதி. 'நடு' என்று ஒரு பெட்டி அதில் இல்லை. 2010 தேர்தலில் சிலர் எந்தப் பெட்டியும் வேண்டாம் என்று எழுதாமல் விட்டார்கள், மனு தள்ளுபடி. ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். 2012-ல் அந்தக் குழு அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றது. எட்டு நாற்காலிக்குக் கணக்குப் போட உதவுவது 1972 கணக்கெடுப்பு. நானும் அதில் ஒரு தலை, அதில் எத்தனையோ பேர் இப்போது உயிரோடு இல்லை.

அரசியலில் நடு என்பதைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது. வருஷம் பூராவும் இரண்டு பக்கமும் தலையாட்டுவோம். ஓட்டுப் பெட்டியைத் திறந்தால் 1982, 1995, 2024 என்று மூன்று தடவை, இந்தத் தீவின் அறுபது இடத்தையும் ஒரே அணிக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம். 2024-ல் பெரிய எதிரணிக்குச் சபையில் ஆள் கிடைத்ததே, நான் மேலே கிண்டல் செய்த அந்த நாற்காலிகளால்தான். கிண்டலைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். அவர் எதிலும் நடுவில் நின்றதே இல்லை. காவடிக்குப் பத்து நாள் விரதம் என்றால், பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற வாசனைக்கே ஜன்னலைச் சாத்துவார். அதே அம்மா செப்டம்பர் 8 ராத்திரி, முட்டி வலியோடு, சேன்ட் குருவாவில் இருக்கிற கத்தோலிக்கப் பாதிரியார் பேர் லவால் கல்லறைக்கு நடந்தே போவார். மெழுகுவத்தியும் சூடமும் ஒரே பையில் கிடக்கும். ஒரு தடவை கூட்ட நெரிசலில் கைக்கு வந்ததை எடுத்துக் கல்லறை முன்னால் பற்றவைத்துவிட்டார். பார்த்தால் சூடம், கரும்புகையோடு எரிகிறது. அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு கிரியோல் பாட்டி, அம்மாவைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் அந்தச் சுடர் மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கே கற்றுக்கொண்டாரோ. அம்மாவிடம் இருந்தது இரண்டு அரை பக்தி இல்லை, இரண்டு முழு பக்தி. உங்களுடையது எந்தக் கணக்கு என்று கடிதத்தில் தெரியவில்லை.

இப்போது கோழைத்தனம். கமிட்டியில் நாத்திகன் என்று சொன்னபோது எழுந்து ஏதாவது பதில் சொன்னீர்களா, இல்லை எனக்குக் கடிதம் எழுதுவதோடு சரியா? மைத்துனரிடம்? அதை எழுதாமல் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுங்கள். அப்புறம், அந்த 'முன்கூட்டி ஒரு வார்த்தை' விஷயம். யார் யாரைக் கட்டினார்கள்?