பெரிய நிறுவனம் கைவிட்ட பிறகும் மரில்லியன் ராக் குழு எப்படித் தாக்குப்பிடித்தது?

முன்பதிவுப் பணம்தான் காரணம். 1979இல் இங்கிலாந்தில் உருவான குழு இது; 1995இல் இ.எம்.ஐ. என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்தது. 1997இல் அமெரிக்கப் பயணத்துக்குக் காசில்லை என்றதும் ரசிகர்களே இணையத்தில் சுமார் 60,000 டாலர் திரட்டினார்கள். குழு கேட்கவே இல்லை என்பதுதான் இதில் அழகு.

அடுத்து, இன்னும் எழுதப்படாத ஆல்பத்தை இப்போதே வாங்குவீர்களா என்று குழுவினர் ரசிகர்களிடம் மின்னஞ்சலில் கேட்டார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் பணம் கட்டினர். பதிவுச் செலவு முன்பணத்திலேயே அடங்கியதால் பாடல்களின் உரிமையைக் கைவிடாமல், 2001இல் அதே இ.எம்.ஐ.யிடம் விநியோகத்தை மட்டும் ஒப்படைக்க முடிந்தது.

இதைப் பின்பற்றும் குழுக்கள் சறுக்குவது பெரும்பாலும் தபால் செலவில்தான். வெளிநாட்டுக்கு அனுப்பும் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் முன்பணம் அங்கேயே கரைந்துவிடும். ரசிகர்களின் முகவரிப் பட்டியல் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.