பழைய கார், குறையும் மைலேஜ்: வாசகர் கேள்விகள்

2009 மாடல் ஆல்டோ, 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 16, 17 கொடுத்த வண்டி இப்போது 12-ஐத் தாண்டவில்லை. பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. போன கோடையில் ஹீட் ஏறியபோது மெக்கானிக் ‘வால்வு’ ஒன்றைக் கழற்றிவிட்டார். அதன்பின் ஹீட் பிரச்சினை இல்லை. இன்னும் எதை மாற்றிப் பார்ப்பது?
- வாசகர், சாத்தூர்

கழற்றியதை முதலில் திரும்ப மாட்டுங்கள். அந்த ‘வால்வு’தான் தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைப்பதும், சுமார் 82 டிகிரியில் திறந்துவிடுவதும் அதன் வேலை. அது இல்லையென்றால், சாவி திருப்பிய நொடியிலிருந்து தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நான்குவழிச் சாலையில் எதிர்காற்று வேறு. நம்மூர் வெயிலிலும் இன்ஜின் உரிய சூட்டுக்கு வருவதில்லை.

சூடு வராத இன்ஜினை ‘இன்னும் குளிராக இருக்கிறது’ என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். கெட்டியாகவே நிற்கும் ஆயிலைக் கலக்குவதற்கும் கொஞ்சம் பெட்ரோல் போகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்து ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) உருவி முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் இதுதான் கதை.

உறுதி செய்ய ஒரு வழி. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டபடி இருங்கள் (ஃபேன் பக்கம் கை போகவேண்டாம்). தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் ஹோஸ் சில நிமிடம் சில்லென்றே இருந்து, பிறகு திடீரென்று சுடும். இல்லாத வண்டியில் ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். டேஷ்போர்டு முள்ளும் பாதிக்கு வராமல் அடியிலேயே கிடக்கும்.

புதிதாக வாங்கும் தெர்மோஸ்டாட்டையும் நம்பி அப்படியே மாட்டாதீர்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கொதி வருவதற்கு முன்பே வாய் திறக்கவேண்டும், ஆறும்போது முழுக்க மூடவேண்டும். மாட்டும்போது சிறிய காற்றுத்துளை மேல்பக்கம் இருக்கட்டும், கேஸ்கெட் புதிது போடுங்கள். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கேனில் ‘கலந்தது’ என்று போட்டிருந்தால் தண்ணீர் சேர்க்கக்கூடாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, குமிழி நிற்கும்வரை ஓடவிட்டு அளவு நிரப்பி மூடுங்கள்.

போன கோடையில் ஏன் ஹீட் ஏறியது என்பது இன்னும் பாக்கி இருக்கிறது. ஃபேன் ஓடுகிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, மூடியின் ரப்பர் போய்விட்டதா என்று பார்க்காமல் தெர்மோஸ்டாட்டை மாட்டினால் பழைய ஹீட் திரும்பி வரும். பழியும் அதன்மேல்தான் விழும்.

இவ்வளவுக்கும் பிறகு மைலேஜ் ஏறாவிட்டால் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாரை ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில் அதன் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கவேண்டும். ஒரே இடத்தில் உறைந்து நின்றாலோ சோம்பலாக நகர்ந்தாலோ சென்சார் மாற்றவேண்டிய வயது. அதுவரை அந்தச் செலவு வேண்டாம்.

500 ரூபாய்க்குப் போட்டு, லைட் எரியும்வரை ஓட்டித்தான் மைலேஜ் கணக்குப் பார்க்கிறேன். மாதா மாதம் வேறு வேறு கணக்கு வருகிறதே?
- வாசகி, குடியாத்தம்

வரத்தான் செய்யும். வண்டி சாய்ந்து நின்றாலே லைட் முன்பின் எரியும். பங்கில் பம்பு தானாக நிற்கும் முதல் ‘கட்’ வரும்வரை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300 கி.மீ.யாவது ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பங்கில், அதே பம்பில் மறுபடி முதல் கட்வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இப்படி 3 முறை எடுத்துச் சராசரி பாருங்கள். கட் ஆனபிறகும் வண்டியை ஆட்டி ஆட்டி நிரப்பினால் அந்தக் கணக்கு பிசகிவிடும்.

2010 வேகன் ஆர். 145/80 ஆர் 13 டயருக்குப் பதில் 155/80 ஆர் 13 போட்டதிலிருந்து மைலேஜ் குறைந்துவிட்டது. டயர்தான் காரணமா?
- வாசகர், ஒசூர்

பாதி காரணம் டயர், பாதி உங்கள் மீட்டர். பழைய டயரின் விட்டம் கணக்குப்படி 562 மி.மீ., புதியதன் விட்டம் 578. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.8 சதவீதம் அதிக தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. நீங்கள் 15 என்று கணக்கிட்டால் உண்மையில் 15.4. மிச்சக் குறைவு, டயர் அகலமாகவும் கனமாகவும் ஆனதால். அடுத்த முறை பழைய அளவுக்கே போங்கள்.

காற்று, கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவு. வண்டி ஓடாமல் ஆறி நிற்கும்போது பிடிக்கவேண்டும். நெடுந்தூரம் ஓடி வந்து பார்த்தால் 3, 4 பவுண்டு கூடவே காட்டும். அதை இறக்கிவிட்டால் மறுநாள் காலை காற்று குறைச்சலாக இருக்கும்.

வண்டி முன்புபோல் லேசாக உருளவில்லை, ஆக்ஸிலேட்டரை விட்டதும் பிடித்து இழுக்கிறது. இன்ஜினில் கோளாறில்லை என்கிறார்கள்.
- வாசகர், பெரம்பலூர்

பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 10 கி.மீ. ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரம்தான். எதிர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்திக் கையால் சுழற்றுங்கள். லேசாக உரசலாம், கையை எடுத்ததும் நின்றுவிடக்கூடாது.

முன்சக்கரம் என்றால் பெரும்பாலும் கேலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) நகர்வதற்கான ‘பின்’ என்ற கம்பி துருப்பிடித்து நகராமல் இருக்கும். பின்னை உருவித் துடைத்து, அதற்கென்று உள்ள சிலிக்கான் பிரேக் கிரீஸ் பூசவேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்து மறுபடி இறுக்கிவிடும். பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிளை யாரோ முறுக்கி வைத்திருப்பார்கள். பிரேக் ஷூ தேய்ந்ததைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் இழுத்தால் இப்படித்தான் ஆகும்.

மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறாரே என் மச்சான்?
- வாசகர், ஊத்தங்கரை

கார்புரேட்டர் காலத்துக் கணக்கு அது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டால், இன்ஜின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) ஐட்லிங் அருகே வரும்வரை இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கும். போதாக்குறைக்கு இன்ஜின் பிடிமானம் போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழும். ஏற்காடு கொண்டை ஊசிகளில் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போவது இதனால்தான். மச்சானை இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லுங்கள்.

ஸ்விஃப்ட் டீசல், 1,60,000 கி.மீ. இழுவை குறைந்து, மிதித்தால் கரும்புகை. மைலேஜ் 20-லிருந்து 15.
- வாசகர், பல்லடம்

காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அதை ஆறவைக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களை இன்ஜின் அணைத்து ஆறியபின் விரலால் தடவுங்கள். கிளிப் அடியிலோ மடிப்பிலோ கீறல் இருந்தால் ஆயில் பிசுக்கு ஒட்டும். மிதிக்கும்போது ‘புஸ்’ சத்தம் கேட்டால் சந்தேகமே இல்லை. காற்று வெளியே போகிறது, டீசல் மட்டும் வருகிறது, அதுதான் புகை. ஹோஸ் நன்றாக இருந்தால் ஏர் ஃபில்டர், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வில் கரி அடைப்பு என்று பாருங்கள். கடைசியாக இன்ஜெக்டர்: மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாய்களை நான்கு பாட்டிலில் விட்டு ஐட்லிங்கில் ஓடவிடச் சொல்லுங்கள். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் ஒழுகுகிறது. அதை மட்டும் கழற்றினால் போதும்.

எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் மைலேஜ் போய்விட்டதா? பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் சரியாகுமா?
- வாசகர், மதுராந்தகம்

காந்தம் பெட்ரோலை ஒன்றும் செய்யாது. அந்தக் காசுக்கு ஃப்யூயல் ஃபில்டர் வாங்குங்கள்.

எத்தனால் விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கலப்பு 10 சதவீதத்திலிருந்து 20 ஆனால் லிட்டருக்குச் சுமார் 3.5 சதவீதம் இழப்பு. 16 கொடுத்த வண்டி 15.4 கொடுக்கும். 12-க்கு இறங்கினால் எத்தனாலைக் கைகாட்டித் தப்பமுடியாது. ஆனால் பழைய வண்டியின் ரப்பர் குழாய்கள் இந்தக் கலப்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. டேங்கிலிருந்து இன்ஜின்வரை குழாய்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வளைத்துப் பாருங்கள். வெடிப்போ ஈரமோ தெரிந்தால் அன்றே மாற்றவேண்டும், சூடான இன்ஜின்மேல் சொட்டும் பெட்ரோல் தீயில் போய் முடியும்.