சென்சாரை ஓராண்டுக்கு மொத்தமாக வாங்கி வர வேண்டுமா?

தம்பி, செப்டம்பரில் மான்செஸ்டருக்கு முதுகலை படிக்க வருகிறீர்கள்; சிறு வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை நோய்; சர்க்கரை அளக்கக் கையில் ஒட்டும் சென்சார்களை ஓராண்டுக்கு வாங்கி வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்குப் போதும். அவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே இங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காக மாணவர்களிடம் ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள். கொடுத்த பணத்துக்குக் கேட்டு வாங்கக் கூச்சம் எதற்கு? டைப் 1 உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் இந்தக் கருவியைத் தர முன்வர வேண்டும் என்று அந்தச் சேவைக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2022 மார்ச்சில் வழிகாட்டுதலைத் திருத்திவிட்டது. தகுதி பற்றிக் கவலை வேண்டாம். தாமதத்துக்குத்தான் தயாராக வேண்டும்.

வீடு கிடைத்த வாரமே ஜிபி எனப்படும் உள்ளூர்ப் பொது மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். முகவரிச் சான்று இல்லையென்று வரவேற்பில் திருப்பி அனுப்பப் பார்த்தால், பதிவுக்கு அது கட்டாயமில்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். அங்கேயே எஃப்பி92ஏ படிவத்தையும் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மருந்துச்சீட்டுக் கட்டண விலக்குச் சான்றிதழ் அதன் மூலம்தான் வரும், ஐந்தாண்டு செல்லும். உங்களை மருத்துவமனையின் நீரிழிவுக் குழுவுக்குப் பரிந்துரைத்து அனுப்பச் சொல்வதும் அதே நாளில். ஊர் டாக்டரிடம் நோய் விவரம், இன்சுலின் பெயர், அளவு எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் வாங்கி வந்தால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சர்க்கரையை அளக்கும் முறை வேறு. ஊரில் 180 என்பது இங்கே 10. 70 என்பது 3.9. பதினெட்டால் பெருக்கினால் பழைய எண் வந்துவிடும். ஊரில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் அதற்கான சிரிஞ்சும் பயன்படுத்துகிறவராக இருந்தால் மிகவும் கவனம்: இங்கே இன்சுலின் பொதுவாக 100 யூனிட் செறிவு. பழைய சிரிஞ்சால் அதை எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

கருவி கைக்கு வந்த பின் எண்ணைவிட, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியைப் பாருங்கள். 6 என்ற எண்ணும் நேராகக் கீழே பார்க்கும் அம்பும் சேர்ந்தால் பஸ் ஏறும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும். சென்சார் அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசு நீரை. சர்க்கரை வேகமாக மாறும்போது அது சில நிமிடம் பின்தங்கும். சர்க்கரை இறங்கிய தாழ்நிலைக்கு குளுக்கோஸ் மாத்திரை தின்ற பிறகும் எண் ஏறவில்லையே என்று பிஸ்கட் பொட்டலத்தையே காலி செய்கிறவர்கள் உண்டு. ஒரு மணி நேரத்தில் 15-க்குப் போய் நிற்பார்கள். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். சென்சார் ஒட்டிய கையின்மேல் படுத்துத் தூங்கினாலும் பொய்யான தாழ்நிலை காட்டி அலாரம் அடிக்கும்.

ஊரில் ஸ்கூட்டரில் போன தூரமெல்லாம் இங்கே நடைதான். முதல் சில வாரங்கள் அதே அளவு இன்சுலினுக்கே சர்க்கரை அடிக்கடி இறங்கலாம். அளவைக் குறைப்பது பற்றி நீரிழிவுக் குழுவிடம் பேசுங்கள். குடிக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருப்பீர்கள், அது உங்கள் பாடு. ஆனால் மது அருந்திய இரவில் கல்லீரல் குளுக்கோஸ் விடுவதைக் குறைத்துவிடும், விடியற்காலையில்கூட இறங்கும். வெறும் வயிற்றில் படுக்காதீர்கள், அலாரத்தை அணைக்காதீர்கள்.

கார் ஓட்டுவதானால் இன்சுலின் போடுவதை உரிமம் தரும் டிவிஎல்ஏ அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஓட்டும்போது சென்சார் கையில் இருந்தாலும் விரல் குத்தும் மீட்டர் வண்டியில் இருக்க வேண்டும் என்பது டிவிஎல்ஏ விதி.

சென்சார் நாள் முடியும் முன் கழன்றுவிட்டாலோ பழுதானாலோ தயாரித்த நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். வரிசை எண் கேட்பார்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.