கலைத்த சீட்டு

அன்புள்ள ஐயா,

மைத்துனர் வீட்டுப் பரணிலிருந்து நின்டெண்டோ டிஎஸ் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவி கிடைத்தது. கூடவே டாக்டர் கவாஷிமாவின் மூளைப் பயிற்சி விளையாட்டு. அதில் ‘லோ டு ஹை’ என்று ஒரு சின்ன ஆட்டம். கட்டங்களில் எண்கள் ஒரு கணம் தெரிந்து மறையும். சிறியதிலிருந்து பெரியது வரை அவை இருந்த இடங்களை வரிசையாகத் தட்டவேண்டும். நான்காம் வகுப்பு படிக்கும் மகள் தினமும் என்னை ஜெயிக்கிறாள். என் மூளைக்கு வயது 67 என்று வேறு சொல்கிறது, எனக்கு 42. அவள் தூங்கியபிறகு தனியாகப் பயிற்சி செய்கிறேன், முன்னேற்றமே இல்லை. எனக்கு மறதி ஆரம்பித்துவிட்டதா? தினமும் ஆடினால் சரியாகுமா? செல்போன்தான் காரணமா? வல்லாரை சாப்பிடலாமா? (கருவியின் பேனா தொலைந்துவிட்டது. பால்பாயிண்ட் பேனா மூடியால் தட்டுகிறோம்.)

கே.

அன்புள்ள கே.,

முதலில் உங்கள் மகளுக்கு வாழ்த்துகள். சில நாட்களாக மறப்பதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து விழுந்தது.

வல்லாரைத் துவையல் ருசியானது, சாப்பிடுங்கள். செல்போன் புலம்பல் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. மறதி பற்றி உண்மையிலேயே பயம் என்றால் மருத்துவரிடம் போங்கள்; 2005இல் ஜப்பானில் வெளிவந்த ஒரு விளையாட்டிடம் கேட்காதீர்கள். அந்த 67 நீங்கள் தோற்கும் ஆட்டத்திலிருந்து வந்ததே இல்லை. அது வேறு சோதனைகளின் மதிப்பெண். இரண்டு நிமிடத்தில் 30 ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்வது, நிறத்தின் பெயரை மைக்கில் சொல்வது, இப்படி. ‘ப்ளூ’ என்றால் அந்த மைக்குக்குக் கேட்பதில்லை என்று அமெரிக்கர்களே அலுத்துக்கொண்டார்கள். 20க்கும் 80க்கும் நடுவில் அது ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். அதை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவரை என்ன சொல்ல?

தினமும் ஆடினால் அந்த ஆட்டத்தில் தேறுவீர்கள். 2010இல் ஏட்ரியன் ஓவனும் சகாக்களும் 11,430 பேரைக் கொண்டு ஆறு வாரம் இதுபோன்ற கணினிப் பயிற்சிகளைச் சோதித்து ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பழகிய வேலை கைவந்தது, அதைத் தாண்டி ஒன்றும் நகரவில்லை. தோற்றதற்கு வெட்கப்படவும் வேண்டாம். இனுயாமாவில் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வகத்தில் அயுமு என்று ஒரு சிம்பன்சி, கிட்டத்தட்ட இதே ஆட்டத்தை ஆடியது. 2007இல் வெளியான ஆய்வில், எண்கள் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே தெரிந்தபோதும் பல்கலைக்கழக மாணவர்களை அது தோற்கடித்தது. பிறகு, நன்றாகப் பழகிய மனிதர்கள் அதை எட்டிப்பிடித்தார்கள் என்பது வேறு விஷயம்.

எனக்கென்னவோ நீங்கள் மறக்க முடியாமல்தான் தோற்கிறீர்கள் என்று படுகிறது. இந்த ஆட்டத்தில் ஒரு சுற்றின் ஆயுள் சில நொடிகள். 3 மேல் வரிசையில் இருந்தது, தட்டினீர்கள், முடிந்தது. அடுத்த சுற்றில் 3 வேறெங்கோ இருக்கும். பழைய 3 மண்டையில் உட்கார்ந்திருந்தால் விரல் அங்கேதான் போகும். 1962இல் கெப்பல், அண்டர்வுட் என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டியதும் இதுதான். மூன்று எழுத்துகளைக் காட்டிவிட்டு, சில நொடி கவனத்தை வேறு பக்கம் திருப்பி, பிறகு கேட்டால் முதல் முறை அநேகமாக எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்தடுத்த முறைகளில்தான் சறுக்கல். முன்னே வந்தது பின்னே வருவதன் காலை வாரிவிடுகிறது. வயது ஏற ஏற இந்தத் தொல்லை கூடும்.

எங்கள் வீட்டில் கோடை விடுமுறை முழுக்க ரம்மி நடக்கும். சித்தப்பா கணக்கில் புலி. மனக்கணக்கில் வட்டி போடுவார். எட்டாவது தாண்டாத அத்தையிடம் விடாமல் தோற்பார். “இஸ்பேட் ராணிதான் போயாச்சே!” என்று கத்துவார். போனது முந்தின ஆட்டத்தில். அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “கலைச்ச சீட்ட எதுக்குடா மண்டைல வச்சிருக்க?” என்பாள். எந்தச் சீட்டு இறங்கியது, யார் எதை எடுத்தார்கள் என்பதெல்லாம் ஆட்டம் முடியும்வரை அவளுக்குத் துல்லியமாக நினைவிருக்கும். சீட்டைக் குலுக்கியதும் போய்விடும். யார் ஏமாற்றினார்கள் என்பதுகூட. சித்தப்பாவுக்கு அது மட்டும் பொங்கல்வரை நினைவிருக்கும்.

ரஷ்யாவில் ஷெரெஷெவ்ஸ்கி என்று ஒருவர் இருந்தார். உளவியலாளர் லூரியா பல வருடங்கள் கவனித்துப் பதிவுசெய்த ஆள். மேடையில் எண் பட்டியல்களைப் பார்த்து ஒப்பிப்பது அவர் தொழில். ஒரே மாலையில் பல காட்சிகள். முந்தைய பட்டியல் அடுத்ததில் வந்து கலந்துவிடுமோ என்பதே அவர் பயம். மறப்பதற்காகக் காகிதத்தில் எழுதி எரித்தார். கருகிய தாளிலும் எண்கள் தெரிந்தன.

நீங்கள் அந்த அளவுக்கெல்லாம் இல்லை. ஆனால் பகலில் தோற்றதை ராத்திரிவரை சுமந்து, ஒன்பது வயதுப் பிள்ளையை ஜெயிக்கத் திருட்டுத்தனமாகப் பயிற்சி எடுக்கிறீர்கள். கூச்சமாக இல்லையா? அவள் தப்பாகத் தட்டினால் என்ன செய்கிறாள் என்று ஒருநாளாவது பார்த்தீர்களா? சிரித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போயிருப்பாள். நீங்கள் அங்கேயே நின்று எந்தக் கட்டத்தில் தவறினோம் என்று கணக்குப் பார்ப்பீர்கள். அந்தக் கணக்குதான் அடுத்த சுற்றைக் கெடுக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

ராத்திரி ஆட்டத்தை நிறுத்துங்கள். அவளோடு ஆடுங்கள், ஆளுக்கு ஒரு சுற்று என்று கை மாற்றி. உங்கள் முறை வருவதற்குள் பழைய எண்கள் கொஞ்சம் உதிரும். அவள் ஆடும்போது திரையை எட்டிப் பார்க்காதீர்கள், அவள் எண்களும் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம், பேனா மூடி பரவாயில்லை. அது அழுத்தத்தை உணரும் திரை, நகமே போதும். கூரான எதையாவது கொண்டுபோய்க் கீறிவைக்காதீர்கள்.