மனச்சோர்வுக்கும் ஏடிஹெச்டிக்கும் மாத்திரையா, பழக்கவழக்க மாற்றமா?

கேள்வி இதுதான்: "மனச்சோர்வும் கவனச் சிதறலும் இருக்கிறது. மாத்திரை என்றாலே பயமாக இருக்கிறது. தூக்கம், உடற்பயிற்சி, சாப்பாடு, செல்போன் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தினாலே சரியாகிவிடாதா? மாத்திரையைத் தொட்டால் அப்புறம் விடவே முடியாது என்கிறார்களே?"

எனக்கு இரண்டும் உண்டு. மனச்சோர்வுதான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. ஏடிஹெச்டி, அதாவது கவனக் குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு, சிறுவயதிலிருந்தே கூடவே இருந்திருக்கிறது, முப்பது வயதுக்கு மேல்தான் அதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றை விட்டுவிட்டேன், இன்னொன்று தொடர்கிறது. நான் மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எந்த நோய், எவ்வளவு கடுமை என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். லேசான மனச்சோர்வு என்றால் பழக்கங்களை மாற்றுவதும் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது) போன்ற பேச்சு சிகிச்சையும் பல பேருக்குப் போதும். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பிலேயே மாத்திரை எழுதுவதை வழக்கமாக்க வேண்டாம், நோயாளியே விரும்பினால் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. கடுமையான மனச்சோர்வுக்கு மாத்திரை தேவைப்படும் வாய்ப்பு மிக அதிகம். ஏடிஹெச்டியிலோ, அறிகுறிகளைக் குறைப்பதில் மாத்திரைக்குப் பக்கத்தில்கூட பழக்கங்கள் வருவதில்லை. பைபோலார் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது), மனச்சிதைவு போன்றவற்றை மருந்தில்லாமல் நடைப்பயிற்சியால் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் பேச்சை வளர்க்காமல் நகர்ந்துவிடுங்கள்.

உடற்பயிற்சியே போதும் என்பவர்கள் வழக்கமாகக் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழு நடத்தி 1999இல் வெளியிட்டது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன, மனச்சோர்வு உள்ள 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு செர்ட்ராலின் மாத்திரை, மூன்றாவது குழுவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள் ஆரம்பத்தில் கொஞ்சம் வேகமாகத் தேறினார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில், உடற்பயிற்சியால் தேறியவர்களுக்கு நோய் திரும்பியது குறைவாக இருந்தது.

நல்ல ஆய்வுதான். ஆனால் இதை எடுத்துக்காட்டுகிறவர்கள் அந்த உடற்பயிற்சி எப்படி நடந்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள். வாரம் மூன்று முறை, குறித்த நேரத்தில், குழுவாக, ஒருவர் மேற்பார்வையில் நடந்தது. வராவிட்டால் கேட்க ஆள் இருந்தது. வந்தவர்களும் உடற்பயிற்சி ஆய்வு என்று தெரிந்து ஆர்வத்தோடு சேர்ந்தவர்கள்.

வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. எனக்கு மனச்சோர்வு உச்சத்தில் இருந்த காலத்தில், குளித்து முடித்தாலே அன்றைய தெம்பு காலி. அந்த நிலையில் "காலையில் எழுந்து ஓடு, சரியாகிவிடும்" என்று அன்போடு சொன்னவர்கள் நிறைய. ஒரு பழக்கத்தை உண்டாக்க என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். முன்கூட்டியே திட்டமிட வேண்டும், தொடங்க வேண்டும், பலன் தெரியாத நாட்களிலும் விடாமல் செய்ய வேண்டும். தொடங்கும் தெம்பை மனச்சோர்வு எடுத்துவிடுகிறது. திட்டமிடுவதையும் விடாமல் செய்வதையும் ஏடிஹெச்டி எடுத்துவிடுகிறது. அதாவது நோய் எதைப் பறித்ததோ, அதையே முதலீடாகப் போடச் சொல்கிறது அந்த அறிவுரை. அதனால் "முதலில் பழக்கத்தை மாற்றிப் பார், முடியாவிட்டால் மாத்திரை" என்ற வரிசை, நோய் முற்றியவர்களுக்குத் தலைகீழான வரிசை என்பது என் கருத்து. எனக்கு மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் நடைப்பயிற்சியே சாத்தியமானது. ஒழுக்கம் வந்துவிட்டால் நோய் போய்விடும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்தால், கடல் வற்றிக் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்த கொக்குதான் நினைவுக்கு வருகிறது.

மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்வதே இல்லை, எல்லாம் மனப்பிரமை என்றும் படித்திருப்பீர்கள். 2018இல் லான்செட் மருத்துவ இதழில் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 522 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பார்த்த 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தன. ஆனால் சராசரி வித்தியாசம் ரொம்பப் பெரியது என்று சொல்ல முடியாது. மூளையில் செரோடோனின் என்ற ரசாயனம் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது என்ற விளக்கமும் அளவுக்கு மீறி எளிமைப்படுத்தப்பட்டது. இதெல்லாம் உண்மை. சராசரி என்பதற்குள் நன்றாகத் தேறியவர்களும் இருக்கிறார்கள், துளியும் அசையாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு மருந்து கேட்காவிட்டால் இன்னொன்று கேட்கலாம். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், குமட்டல் போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பல பேர் அந்த இடைவெளியில்தான் விட்டுவிடுகிறார்கள். பாலுறவில் நாட்டம் குறைவது போன்ற சில தொல்லைகள் நீடிக்கவும் செய்யலாம். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தையோ டோஸையோ மாற்ற வழி உண்டு.

ஏடிஹெச்டி மருந்தின் கதை வேறு. 1937இல் சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர், தன் மனநல மருத்துவமனையில் தங்கியிருந்த குழந்தைகளின் தலைவலிக்காக பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமைனைக் கொடுத்தார். தலைவலிக்குப் பெரிய பலன் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட பாதிக் குழந்தைகள் பாடத்தில் உட்கார்ந்து கவனம் செலுத்த ஆரம்பித்துவிட்டார்கள். இன்று அதிகம் பயன்படும் மெத்தில்ஃபெனிடேட்டும் அதே ஊக்கிகள் வகைதான், டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்ற ரசாயனங்கள் மூளையில் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தங்கும்படி செய்கிறது. வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை, சாதாரண மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி நான்கு மணி நேரம் போல நிற்கும். மெதுவாகக் கரையும் வகை நாளின் பெரும்பகுதிக்கு வரும். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம், இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறலாம். அதனால் தொடங்கும் முன் இதயம் பற்றிய கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

மாத்திரையா பழக்கமா என்ற இதே சண்டையைத் தீர்க்கவே அமெரிக்காவில் எம்டிஏ என்ற பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 1999இல் வந்தது. ஏழிலிருந்து ஒன்பது வயதுவரையிலான 579 குழந்தைகள், 14 மாதங்கள். கவனத்தையும் துறுதுறுப்பையும் பொறுத்தவரை, நடத்தைப் பயிற்சியைவிடக் கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து தெளிவாக முந்தியது. மருந்தோடு பயிற்சியும் சேர்ந்தபோது, அந்த அறிகுறிகளில் கூடுதல் லாபம் பெரிதாக இல்லை. ஆனால் குறைந்த டோஸே போதுமானதாக இருந்தது, பெற்றோருடனான உறவு போன்ற விஷயங்களில் முன்னேற்றம் தெரிந்தது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பிறகு நடந்தது. ஆய்வு முடிந்து அவரவர் வழியில் போனபின், மூன்றாம் ஆண்டில் எடுத்துப் பார்த்தால் குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் காணாமல் போயிருந்தது. மருந்துக் கட்சி, பழக்கக் கட்சி இரண்டுமே இந்த ஆய்வை மேற்கோள் காட்டும், தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும்.

என் அனுபவத்தில், மாத்திரை கவனத்தைக் கொடுக்கும், எதில் வைக்க வேண்டும் என்று சொல்லாது. மாத்திரை போட்டுவிட்டுக் காலை முழுக்க ஒரு அட்டவணையின் கட்டங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவு ஒருமுகமாக. அனுப்ப வேண்டிய மெயில் அப்படியே கிடந்தது. அதனால் இப்போது மாத்திரை போடுவதற்கு முன்பே அன்றைய முதல் வேலையைத் திரையில் திறந்து வைத்துவிடுவேன். கைக்கு எட்டாத அறையில் செல்போன். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கடிகாரம், ஏனென்றால் நேரம் போவது எனக்கு உள்ளுக்குள் தெரியாது. சலிப்பான வேலை என்றால் வீடியோ அழைப்பில் ஒரு நண்பர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் என் வேலையைப் பார்ப்பேன், இருவரும் பேசுவதில்லை. விநோதமாகத் தோன்றும், வேலை நடக்கும். கவனித்துப் பார்த்தால் இவை எதிலும் மனஉறுதிக்கு வேலை இல்லை, எல்லாம் சூழலை மாற்றுவதுதான். நைஸின் 2018 வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு முதலில் சூழலை மாற்றிப் பார்த்து, அதற்குப் பிறகும் வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்பட்டால் மருந்து என்றே சொல்கிறது. "இனி ஒழுங்காக இருப்பேன்" என்ற தீர்மானத்தை அதில் எங்கேயும் காணோம்.

தூக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கம் கெட்டால் யாருக்குமே கவனம் சிதறும், எரிச்சல் வரும், மனம் சோரும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா, தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைவு இவையும் மனச்சோர்வு போலவோ ஏடிஹெச்டி போலவோ வேஷம் போடும். மாத்திரையா பழக்கமா என்று முடிவெடுக்கும் முன் இவற்றைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஏடிஹெச்டி என்றால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். சென்ற வருடம் திடீரென ஆரம்பித்தது என்றால் வேறு காரணம் தேடுவதுதான் முறை.

சாப்பாடு பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சர்க்கரையால் துறுதுறுப்பு வருகிறது என்பது சோதித்துப் பார்த்துத் தள்ளப்பட்ட நம்பிக்கை. ஒமேகா 3இன் பலன் சின்னது. "இயற்கையானது" என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் மூலிகையை மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் ஆபத்து, செரோடோனின் எல்லை மீறிப் போய்விடும்.

இப்போது அந்த "விடவே முடியாது" பயம். இது பெரும்பாலும் அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற பதற்ற மாத்திரைகளிலிருந்து வந்தது. அவை பென்சோடயஸிபைன்கள், தொடர்ந்து எடுத்தால் நிஜமாகவே பழகிப்போகும், சில வாரங்களுக்கு மேல் நீட்டுவதற்கு மருத்துவர்களே தயங்குவார்கள். எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரைகள் (செர்ட்ராலின் போன்றவை) அப்படிப்பட்ட ஏக்கத்தை உண்டாக்காது. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு, எரிச்சல் எல்லாம் வரலாம், சிலருக்குக் கடுமையாகவே. படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஊக்கி மருந்துகள் தவறாகப் பயன்படுத்தக்கூடியவை, அதனால்தான் கட்டுப்பாடும் அதிகம். மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கும் ஏடிஹெச்டி குழந்தைகள் பிற்காலத்தில் போதைக்குப் போவது, எடுக்காதவர்களைவிட அதிகமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். 25 வயதுக்குக் கீழே இருந்தால், மனச்சோர்வு மாத்திரையின் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004இல் குழந்தைகளுக்கும், 2007இல் 24 வயது வரையுள்ளவர்களுக்கும் எச்சரித்திருக்கிறது. கூட இருப்பவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். உங்களுக்கோ நெருங்கிய உறவிலோ எப்போதாவது தூக்கமே இல்லாமல் அதீத உற்சாகத்தில் திரிந்த காலம் இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பைபோலாராக இருந்தால் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுப்பது நிலைமையை மோசமாக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் இப்போதே இருக்கிறது என்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு.

அது இல்லை, நோய் லேசானது, எழுந்து நடமாட முடிகிறது என்றால் பழக்கங்களிலிருந்து தொடங்குங்கள், தவறில்லை. ஒரு தேதி மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறேழு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால், அல்லது தொடங்கவே முடியாவிட்டால், மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும் என்பது மருத்துவரிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி. மனச்சோர்வு முதல் முறை வந்தது என்றால், முழுதாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் என்பது பொதுவான கணக்கு. திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் நீளும். நான் விட்டது மருத்துவர் போட்டுக்கொடுத்த அட்டவணைப்படி. கடைசிச் சின்ன டோஸைக் குறைக்கத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டோம், தலைசுற்றல் வந்தபோது ஒரு படி பின்னால் போய் நின்றோம். ஏடிஹெச்டி மாத்திரையை வருடத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்கிறோம், இதுவரை ஒவ்வொரு முறையும் தொடரலாம் என்றே முடிவாகியிருக்கிறது.