வாசகர் கேள்வி பதில்: சோற்றுப் பொட்டலமும் இரட்சிப்பும்

கேள்வி: நான் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் தோழிகளுடன் சேர்ந்து சமைத்து, கிராஞ்சியில் உள்ள வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி ஒன்றிலிருக்கும் நம் ஊர்த் தம்பிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறோம். எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் அண்ணன், "கிரியைகளினால் ஒருவரும் இரட்சிக்கப்படுவதில்லை, அந்த நேரத்தில் ஜெபியுங்கள்" என்கிறார். கத்தோலிக்கரான என் மாமியாரோ, "செயலில்லாத நம்பிக்கை செத்த நம்பிக்கை, நீ நிறுத்தாதே" என்கிறார். இருவருமே வேதத்தைத்தான் காட்டுகிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகி, ஈசூன்

பதில்: சகோதரி, அண்ணன் காட்டியது எபேசியர் 2ஆம் அதிகாரம் 8, 9 வசனங்களாக இருக்க வேண்டும். இரட்சிப்பு கிருபையினால் வருவது, அது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு அது கிரியைகளினால் உண்டானதல்ல என்று பவுல் அங்கே எழுதுகிறார். அதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால், நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அதே மூச்சில் சொல்லும் 10ஆம் வசனத்தை அவர் ஏன் வாசிக்கவில்லை என்று பணிவோடு கேட்டுப் பாருங்கள்.

இந்த வழக்கில் பாதிக் குழப்பம் 'கிரியை' என்ற சொல்லிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். வீட்டில் ஒருவர் இறந்தால் செய்யும் சடங்கையும் தமிழில் கிரியை என்கிறோம், ஒருவர் செய்யும் செயலையும் கிரியை என்கிறோம். ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதும்போது பவுல் முதன்மையாக மறுப்பது 'நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகளை'; அதாவது விருத்தசேதனம், உணவு விலக்கு, நாள் பார்த்தல் ஆகியவற்றைச் செய்தால்தான் ஒருவன் தேவனுடைய ஜனத்தில் சேரமுடியும் என்ற வாதத்தை. பசித்தவனுக்குச் சோறு போடுவதை அவர் எங்கும் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் இதைச் சடங்குகளோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. தீத்து 3:5இல், நாம் செய்த நீதியின் கிரியைகளுக்காகவும் அவர் நம்மை இரட்சிக்கவில்லை என்கிறார். ஆகவே கிராஞ்சிக்குப் போன ஞாயிறுகளை மத்திய சேமநிதிக் கணக்கைப்போல வரவு வைத்து, பிற்காலத்தில் பரலோகத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினால், அங்கே அண்ணன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. புண்ணியம் சேர்க்கும் அந்தப் பழைய கணக்குப் புத்தகத்தை நம்மில் பலர் ஞானஸ்நானத்துக்குப் பிறகும் கீழே வைப்பதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் மாமியார் சொன்னது யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் வருவது. யாக்கோபு எழுதியது வேறொரு நோயாளிக்கு. உடுக்க உடையும் உண்ண உணவும் இல்லாத சகோதரனிடம், "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாழ்த்தி அனுப்பிவிட்டு, தன்னை விசுவாசி என்று சொல்லிக்கொள்பவனை நோக்கியே அவர் பேசுகிறார். தேவன் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று அவர் குத்திக்காட்டும் விசுவாசம் வெறும் ஒப்புதல். பவுல் சொல்லும் விசுவாசமோ கலாத்தியர் 5:6இன்படி அன்பினால் கிரியைசெய்வது. ஆபிரகாமையே இருவரும் சாட்சிக்கு அழைப்பதைக் கவனியுங்கள். அவர் தேவனை விசுவாசித்தார் என்று சொல்லும் ஆதியாகமம் 15ஐப் பவுல் எடுத்துக்கொள்கிறார். ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய 22ஆம் அதிகாரத்தில் நின்றுகொண்டு யாக்கோபு அந்த 15ஆம் அதிகாரத்தைத் திரும்பிப் பார்க்கிறார்.

1522ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை 'வைக்கோல் நிருபம்' என்று தாழ்த்திச் சொன்ன, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தின் முன்னோடியான மார்ட்டின் லூத்தரே, ரோமருக்கான முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் வேலைசெய்வது, அது நன்மை செய்யாமல் இருக்கவே முடியாது என்ற பொருளில் எழுதினார். மறுபுறம், கிருபை இல்லாமல் தன் செயல்களால் மட்டும் ஒருவன் நீதிமானாக முடியும் என்ற எண்ணத்தை 1547இல் கத்தோலிக்கரின் ஆயர் பேரவையான திரெந்து சங்கமும் கண்டித்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இதுபற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006இல் உலக மெதடிஸ்ட் பேரவையும் அதில் இணைந்தது. நம் தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்றும், நற்செயல்கள் அதன் கனிகள் என்றும் அது அறிக்கையிடுகிறது. எனவே உங்கள் வீட்டில் மருமகளுக்கும் மாமியாருக்கும் இடையே இந்த விஷயத்தில் பெரிய சண்டைக்கு இடமில்லை. வேறு விஷயங்களைப் பற்றி எனக்குத் தெரியாது!

சமைப்பதை நிறுத்தாதீர்கள். அண்ணன் கேட்கும் ஜெபத்தையும் விடாதீர்கள். முடிந்தால் ஒரு ஞாயிறு அவரையும் கிராஞ்சிக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளன் ஒரு நற்கிரியையும் செய்யாமல் பரதீசுக்குப் போனானே?
– வாசகர், ஜூரோங்

பதில்: அவனுடைய கைகளும் கால்களும் சிலுவையில் இருந்தன, மிஞ்சியது நாக்கு ஒன்றுதான். லூக்கா 23ஐ மீண்டும் வாசியுங்கள். இயேசுவை இகழ்ந்த மற்றக் கள்ளனை அவன் கடிந்துகொண்டான், தன் தண்டனை நியாயமானது என்று ஒப்புக்கொண்டான், இவர் தகாதது ஒன்றையும் செய்யவில்லை என்று எல்லார் முன்பாகவும் சொன்னான். "ஆண்டவரே, அடியேனை நினைத்தருளும்" என்று அவன் கேட்டது அதற்குப் பிறகுதான்.