சர்க்கரை கால்சியத்தை உறிஞ்சிவிடுமா?

கேள்வி: வயது 44. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை. தினம் ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, விரல் மூட்டு வலிக்கிறது. சர்க்கரைதான் உடம்பிலுள்ள சத்தை உறிஞ்சுகிறது, அழற்சியையும் கிளப்புகிறது என்கிறார்கள். கால்சியம், மெக்னீசியம் மாத்திரை போடலாமா? நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் போதுமா?

பதில்: மாத்திரையைத் தள்ளிப்போடுங்கள், முதலில் ரத்தப் பரிசோதனை. இனிப்பு சாப்பிட்ட சில மணி நேரத்துக்குச் சிறுநீரில் கால்சியமும் மெக்னீசியமும் சற்றுக் கூடுதலாக வெளியேறுவது உண்மை. ஆனால் கீரை, பயறு, மோர், கேழ்வரகு என்று ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அது ஈடாகிவிடும். சத்து இழப்பைப் பொறுத்தவரை, ரத்தச் சர்க்கரை சுமார் 180 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டினால்தான் கவலை. சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கும், தண்ணீரையும் மெக்னீசியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ராத்திரி இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் பரிசோதனையை நாளைக்கே செய்துகொள்ளுங்கள். ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) இரண்டும் வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மெக்னீசியம் மாத்திரை உடம்பிலேயே தேங்கி ஆபத்தாகும். அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

அழற்சி விஷயம் வேறு. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாளுகிறது. அளவு மிஞ்சினால் கொழுப்பாக மாற்றிவிடும், யூரிக் அமிலமும் ஏறும். கல்லீரலிலும் வயிற்றிலும் சேரும் கொழுப்பு, வருடக்கணக்கில் மெல்லிய அழற்சியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். ஆனாலும் உங்கள் விரல் வலிக்குச் சர்க்கரைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காமல் விறைப்பாக இருந்தாலோ, மூட்டு வீங்கினாலோ முடக்குவாதமா என்று பார்த்தாக வேண்டும்.

நாட்டுச் சர்க்கரையில் கொஞ்சம் இரும்பு, பொட்டாசியம் உண்டு. மற்றபடி அதுவும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான்.

உங்கள் கணக்கு 12 ஸ்பூன், கிட்டத்தட்ட 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன உச்சவரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்றது. பிஸ்கட், பண்டிகை இனிப்பெல்லாம் இதற்கு மேல். காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆறே ஸ்பூன் சர்க்கரையை அளந்து வையுங்கள், வீட்டு டீக்கு அதிலிருந்து மட்டும் எடுங்கள். கடை டீயென்றால், மாஸ்டர் கிளாஸில் சர்க்கரை போடுவதற்கு முன்பே "அரைச் சர்க்கரை" என்று சொல்லிவிடுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் அவசியம் எழுதுங்கள்.